டோக்கனோடு போன மாணிக்கம் அண்ணன்

காலையில் எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. கொண்டுவருகிறவர் ஹாரன் அடிப்பதில்லை, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதும் இல்லை. கையிலிருக்கும் ஸ்பானரால் சிலிண்டரின் தோளில் ஒரு தட்டு. டணார்! இரும்பின் வயிற்றிலிருந்து எழும்பிய அந்த ஓசை தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மாடிப்படி ஏறி, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றது.

வாயில் நுரையோடு சொன்னேன்: "யாரோ பைலை எடுத்துட்டாங்க."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எந்தப் பைலை?"

அதைச் சொல்ல வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் வேண்டும். இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அது சிலிண்டர் ஓசை அல்ல. சேலம் ஜங்ஷனுக்குப் பின்புறம், ஒரு வேப்பமரத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது எங்கள் ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் கிளை அலுவலகம். அங்கே ஓர் இரும்புக் குண்டு சுவரில் மோதும் ஓசை அது. பைலை எடுத்தால் டணார். திரும்ப வைத்தால் டணார். அந்த ஓசை இல்லாமல் எங்கள் சங்கத்தில் ஒரு காகிதம் அசையாது.

நான் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. சிமென்ட்டுக்கும் கோதுமைக்கும் ரசீது போடுகிறவன். மிச்ச நேரத்தில் வசன கவிதை. அந்த மிச்ச நேரத்தை மோப்பம் பிடித்துத்தான் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். "எழுதுற ஆளு. தீர்மானமெல்லாம் எழுதிக் குடுத்துருவாரு" என்று மாலை போட்டார்கள். மாலையில் இருந்த எறும்பு அன்றைக்கே கடித்தது. அப்போதே நான் சுதாரித்திருக்கலாம்.

பீரோவுக்குள் ஒரு ரயில் பாதை

அலுவலகப் பதிவேடுகளுக்கெல்லாம் அதிபதி அர்த்தநாரி அண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு ரயில்வேக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு டூட்டிக்கு வந்துவிடுவார்.

சுவரோரம் வரிசையாகப் பச்சை பெயின்ட் பீரோக்கள். வேறு சங்கமாக இருந்தால் 'கோரிக்கை', 'நிலுவை', 'முடிந்தவை' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். எங்கள் பீரோக்களின் நெற்றியில் இருப்பது ஊர்ப் பெயர்கள்: சேலம் டவுன், அயோத்தியாபட்டணம், வாழப்பாடி, ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம். அர்த்தநாரி அண்ணன் காலமெல்லாம் வேலை பார்த்த பாதை. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து சுவரோரம் நிறுத்திவிட்டார்.

புதிதாக ஒரு மனு வந்தால் சேலம் டவுன் பீரோவில் ஏறும். கிளைக் கூட்டத்தில் பேசியாகிவிட்டால் அடுத்த பீரோ. அதிகாரிக்கு அனுப்பினால் அதற்கடுத்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டால் சின்னசேலம். இதில் யாருக்கும் குழப்பமே இல்லை.

"அண்ணா, என்னோட சைக்கிள் ஸ்டாண்டு மனு எங்க நிக்குது?"

"ஏத்தாப்பூருங்க."

"போன மாசமும் ஏத்தாப்பூர்தானே?"

"சிக்னல் உழுகலீங்க. என்ன பண்றது, நின்னுதான் வரோணும்."

கேட்டவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். ஏத்தாப்பூரில் நிற்கும் வண்டியை யாரும் திட்டுவதில்லை. நிற்கிறது என்றால் நிற்கிறது.

ஒரு மோதலும் அதன் விளைவும்

இப்போது அந்த இரும்புக் குண்டு.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதற்காக அந்தக் காலத்தில் டோக்கன் என்று ஒன்று இருந்தது. கைக்கு அடங்கும் இரும்புக் குண்டு. அதை ஒரு தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் கொடுப்பார். வளையம் யார் தோளில் இருக்கிறதோ அவருடைய வண்டிதான் அடுத்த ஸ்டேஷன் வரையுள்ள செக்சனில் போகலாம். மற்ற வண்டியெல்லாம் காத்திருக்க வேண்டும். ஆத்தூர் பாதை அகலப் பாதையானதும் டோக்கன்கள் பழைய இரும்பு ஏலத்துக்குப் போயின. அர்த்தநாரி அண்ணன் ஏலக்காரரிடம் கெஞ்சி ஒன்றை வளையத்தோடு வாங்கி வந்தார். தோல் பை கிழிந்து குண்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அதைச் சங்கத்துக்குள் நுழைத்ததற்குக் காரணம் ஒரு மோதல். அவர் வாயில் அது மோதல்தான். ஒருநாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு பைல்களை எடுத்து ஒரே மேசையில் விரித்தார்கள். காகிதங்கள் கலந்துவிட்டன. ரயில் டிரைவர் மாணிக்கம் அண்ணனின் கண் பரிசோதனைக் காகிதம், டிரைவர்கள் தங்கும் ஓய்வறைச் சமையல்காரரின் பைலுக்குப் போனது. 'சாம்பாரில் உப்பைக் குறைக்கவும்' என்ற புகார், மாணிக்கம் அண்ணனின் பைலுக்கு வந்தது.

சமையல்காரரைக் கூப்பிட்டு சிவப்பு, பச்சை விளக்குகளைக் காட்டினார்கள். "இது வறமிளகாய், அது கொத்தமல்லி" என்று சொல்லி அவர் தேறிவிட்டார்.

மாணிக்கம் அண்ணன் ஆத்தூர்க்காரர். மேலிருந்து வந்தது எதுவானாலும் கட்டளை என்று வாழ்ந்தவர். 'இனிமேல் உப்பைக் குறைத்துக்கொள்கிறேன் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வீட்டிலும் குறைத்தார்களாம். அவர் மனைவி அதற்காக இன்றுவரை சங்கத்தைத் திட்டுகிறார்.

அன்றிலிருந்து சட்டம். சுவர் ஆணியில் டோக்கன் தொங்கும். பைல் வேண்டுமென்றால் வளையத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும், பிறகுதான் பீரோ திறக்கும். படித்து முடித்துப் பைலை உள்ளே வைத்தபின் வளையத்தை ஆணியில் மாட்ட வேண்டும். டணார். அதுவரை அடுத்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சங்கத்தின் வாட்ஸப் குழுவில்கூட ஒரு நேரத்தில் ஒரு சங்கதிதான். அது முடியுமுன் யாராவது காலை வணக்கம் போட்டால் "லைன் கிளியர் குடுக்கலீங்க" என்று பதில் வரும்.

நிலாவுக்கு இடமில்லை

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கூட்ட நடவடிக்கைகளை நான்தான் எழுதினேன். முதல் தீர்மானம், நடைமேடை ஓரத்தில் எரியாத விளக்கு பற்றியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, 'நிலா மட்டுமே டூட்டி பார்க்கும் அந்த நடைமேடையின் கடைசி இருட்டில், எங்கள் தோழர்களின் பாதங்கள் தங்களையே தேடி நடக்கின்றன' என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

அர்த்தநாரி அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க கவிஞரே, தீர்மானத்துல நிலா எதுக்குங்க?"

"இருட்டைச் சொல்றதுக்குங்க அண்ணா."

"பல்பு எரியலீன்னா இருட்டுனு அவீகளுக்குத் தெரியாதுங்களா?"

ஆனால் அதற்குள் ஒரு பிரதி பர்சனல் ஆபீசர் மேடத்துக்குப் போய்விட்டிருந்தது. பணியாளர் சங்கதியெல்லாம் அந்த அம்மாவின் கையில்தான். எங்கள் சங்கத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. பதில் வந்தது: 'தங்கள் கடிதத்தில் கோரிக்கை எது என்று அடிக்கோடிட்டு அனுப்பவும்.'

அதன்பிறகு நான் எழுதும் எல்லாவற்றிலும் அண்ணன் அடைமொழிகளைக் களையெடுத்தார். பருத்திக் காட்டில் புல் பிடுங்குவதுபோல ஒரு லயத்தோடு செய்வார். மாணிக்கம் அண்ணனின் ஓய்வு நாளுக்கு நான் மூன்று பக்கப் பாராட்டு எழுதினேன். களை எடுத்தபின் மிஞ்சியது ஒரே ஒரு வரி: 'நிதானமான டிரைவர்.' அந்த 'நிதானமான' எப்படியோ பேனாவுக்குத் தப்பிவிட்டது.

மாணிக்கம் அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒருமுறை ஆத்தூரிலிருந்து ரயிலேறி வருவார். டோக்கனை மாட்டிக்கொண்டு, சின்னசேலம் பீரோவிலிருந்து அந்தப் பைலை எடுத்து, அந்த ஒரு வரியைப் படிப்பார். ஒரு டீ குடிப்பார். போய்விடுவார்.

ஹாரன் கேட்டது

கோடை மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள். வேப்பம்பூ உதிர்ந்து வாசல் முழுக்கக் கசப்பு மணம்.

உள்ளே வந்தது செல்வி. தலைவாசல் பக்கம் லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். சொந்த ஊர் மல்லசமுத்திரம், வாக்கப்பட்ட ஊர் ராசிபுரம். புருஷனுக்கு அங்கே தறிப்பட்டறை. செல்வி வாரத்தில் ஆறு நாள் கேட்டடியில், ஒரு நாள் வீட்டில்.

"அண்ணா, எம்பட பரிமாற்றப் பேப்பரைக் குடுங்க. இன்னைக்கு உட்டா போச்சு."

பரிமாற்றம் என்பது, ஒரே வேலையில் இருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்வது. ராசிபுரம் பக்கத்துக் கேட்டில் பழனிசாமி என்று ஒருவர். ஊர் ஆத்தூருக்குப் பக்கம், மரவள்ளிக் காடு வைத்திருக்கிறார். அவர் தலைவாசலுக்கு வர, செல்வி ராசிபுரத்துக்குப் போக. சம்மதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சங்கத்தின் சிபாரிசும் ஆகிவிட்டது. காகிதம் பெத்தநாயக்கன்பாளையம் பீரோவில் நிற்கிறது. மேடம் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த மேடத்துக்கே மாற்றல் வந்துவிட்டது. மதியம் வரை பொறுப்பு அவரிடம். மதிய வண்டியில் சென்னைக்குப் போகிறார். புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்.

"கேக்கட்டுமே, பழனிசாமிகிட்ட இன்னொரு கையெழுத்து வாங்கினாப் போச்சு" என்றேன் நான்.

"அட நீங்க வேறங்க. அவரு ஊட்டுக்காரம்மா ராசிபுரத்துல சீட்டுப் புடிச்சு, பால் ஊத்தி, கூட்டாளியெல்லாம் சேத்திட்டாங்க. இப்ப ஆத்தூருக்கு வரமாட்டேங்கறாங்களாம். 'போட்ட கையெழுத்து போட்டதுதான் செல்வி, ஆனா மறுக்கா கேட்டா எங்கையி வராது'ன்னு சொல்லிப்போட்டாரு." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "எம்பட புள்ள என்னைய அம்மான்னு கூப்பிடறதில்லீங்க. 'ஞாயித்துக்கெழம வந்துருச்சு'ங்குது."

அர்த்தநாரி அண்ணன் எழுந்தார். அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடித்தார். பழக்கப்படி சுவரைப் பார்த்தார்.

ஆணி இருந்தது. டோக்கன் இல்லை.

சற்றுமுன்தான் மாணிக்கம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தன் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருந்தார். பைலை ஒழுங்காக உள்ளே வைத்தார். நானும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, ஆத்தூர் வழியாகப் போகும் விருத்தாசலம் பாசஞ்சர் ஹாரன் கொடுத்தது. தோளில் டோக்கன், காதில் ஹாரன். ஒரு டிரைவரின் உடம்புக்கு வேறென்ன வேண்டும்? எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், நிதானமாக நடந்து போனார். வளையத்தோடு.

செக்சனில் வண்டி இருக்கிறது

போன் போட்டோம். ஸ்பீக்கரில் சக்கரச் சத்தம்.

"மாணிக்கமண்ணா, நான் அர்த்தநாரிங்க. உங்க தோள்ல என்னங்க மாட்டியிருக்குது?"

சக்கரச் சத்தத்தோடு வளையத்தைத் தடவிப் பார்க்கும் சரசரப்பும் கேட்டது.

"அடக் கடவுளே! நானும் யோசிச்சேம்பா. எதிர்ல உக்காந்திருக்கிற அம்மா ஏன் என்னை ஒரு மாதிரியா பாக்குதுன்னு. குழந்தையை வேற இழுத்து மடியில வெச்சுக்கிச்சு."

"எங்கிருக்கறீங்க?"

"அயோத்தியாபட்டணம் தாண்டியாச்சு."

செல்வி போனுக்குள் புகுந்துவிடுவதுபோலக் குனிந்தாள். "அண்ணா, வாழப்பாடில எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சு வந்துருங்கண்ணா!"

"டோக்கனோட நடுவழியில இறங்கறதா?" மாணிக்கம் அண்ணனின் குரலில் உண்மையான அதிர்ச்சி. "என் சர்வீஸ்ல அப்படிச் செஞ்சதே இல்லம்மா!"

"அதுவும் சரிதானுங்க" என்றார் அர்த்தநாரி அண்ணன், மரியாதையோடு. போனை வைத்தார்.

செல்வி சுவரில் நெற்றியை முட்டினாள்.

"அண்ணா, பீரோவைத் தொறங்க" என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமுங்களே. டோக்கன் அவர்கிட்ட இருக்குது. அப்படீன்னா செக்சன்ல வண்டி இருக்குதுன்னு அர்த்தம். நான் எப்படீங்க இன்னொரு வண்டிய உடறது?"

"காயிதத்துக்கு இஞ்சின் எங்கீங்கண்ணா இருக்குது?" என்றாள் செல்வி. "அது போயி எதும்மேல மோதுமுங்க? மோதுனா எம்மேலதான் மோதும். நான் வாங்கிக்கறேன். தொறங்க!"

அண்ணன் சாவிக்கொத்தை விடவும் இல்லை, நுழைக்கவும் இல்லை. நடந்தார். வாசல் வரை போனார். வேப்பமரத்தைப் பார்த்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் அவர் நெற்றியில் புரள்வதை நான் பார்த்தேன். வெளியே ஒலிபெருக்கி சென்னை வண்டியின் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது.

"டோக்கன் கருவி கெட்டுப்போனா என்ன பண்ணுவோமுங்க?" என்று மரத்திடம் கேட்டார். மரத்துக்கு முந்திக்கொண்டு அவரே சொன்னார்: "பைலட்மேன்!"

திரும்பி வந்தபோது அவருக்கு வயது குறைந்திருந்தது.

டோக்கன் இல்லாத நேரத்தில் ஓர் ஆளையே டோக்கன் ஆக்கிவிடுவார்களாம். அவர் கையில் சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். அவர் கூடவே போனால்தான் வண்டி போகலாம். அவர்தான் பைலட்மேன்.

"ஆளுக்கு எங்கண்ணா போறது?"

"நீங்க சும்மாதானுங்களே நிக்கறீங்க, கவிஞரே?"

இப்படியாக நான் ஓர் இரும்புக் குண்டின் இடத்துக்கு நியமிக்கப்பட்டேன்.

ஊர்வலம் என்று யாரும் சொல்லவில்லை

சிவப்புத் துணிக்குத் தொழிற்சங்கத்தில் பஞ்சமா? ஆனால் இருந்தது கொடி மட்டும்தான். கொடியைக் கிழிக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. முழுக் கொடியையும் என் இடது கையில் கட்டினார். மிச்சத் துணி முழங்கால் வரை தொங்கியது. கல்யாண வீட்டு வாசலில் பாதி கட்டி விட்ட பந்தல் மாதிரி நின்றேன்.

பீரோவில் சாவியை நுழைத்தவர் நின்றுவிட்டார். ஓசை இல்லாமல் திறக்க அவருக்குக் கை வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாயாலேயே சொன்னார்:

"டணார்."

பெத்தநாயக்கன்பாளையம் திறந்தது.

கிளம்பினோம். முன்னால் அர்த்தநாரி அண்ணன், நடுவில் பைலை நெஞ்சோடு அணைத்தபடி செல்வி, பக்கத்தில் நான். செல்வி ஓடத் தொடங்கினாள். அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பைலட்மேன் வேலைல முதல் வண்டி மெதுவாத்தான் போகோணுமுங்க."

"அண்ணா, அந்தம்மா வண்டி ஏறிருவாங்க!"

"மெதுவா."

நடைமேடையில் மெதுவாக நடக்கும் மூன்று பேர், அதில் ஒருவர் கையில் சிவப்புக் கொடி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நிழலில் சோற்றுப் போசியைத் திறந்து உட்கார்ந்திருந்த டிராக்மேன்கள் மூடிவிட்டு எழுந்தார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கொடி போகிறது, பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். பார்சல் ஆபீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். போர்ட்டர் ஒருவர் தலையில் யாருடைய பெட்டியோ இருக்க அப்படியே வரிசையில் நுழைந்துவிட்டார். பெட்டிக்குச் சொந்தக்காரரும் வேறு வழியில்லாமல் கூடவே வந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கோஷம் பிறந்தது.

"தொழிலாளர் ஒற்றுமை..."

"ஓங்குக!"

"எதுக்குண்ணே போறோம்?" என்று ஒரு டிராக்மேன் என் காதில் கேட்டார்.

"ஒரு பைல் போகுதுங்க."

"அதுக்குக் கண்டிப்பா போகணும்" என்றார் அவர். பின்னால் திரும்பி இன்னும் பலமாகக் கத்தினார்.

பாதி உங்களுக்காக

ஏசி பெட்டி நிற்கும் இடத்தில் மேடம் தனியாக நின்றிருந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு தண்ணீர் பாட்டில், பக்கத்தில் அலுவலகக் கிளார்க் ஒருவர். வழியனுப்ப வேறு யாரும் இல்லை. வண்டி ஏற்கனவே வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கொடியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. கடைசி நாளிலும் முற்றுகையா என்ற முகம். கூட்டம் அவருக்கு எதிரே வந்து நின்றது. கோஷக்காரர் பழக்க தோஷத்தில் "நிர்வாகமே, நிர்வாகமே!" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்து என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோரிக்கை என்னவென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லையே. நடுவழியில் நின்ற கோஷத்தை எப்படியாவது வீடு சேர்க்க நினைத்த ஒருவர், "போய்ட்டு வாங்க!" என்று முடித்தார்.

மேடத்தின் முகத்தில் இறுக்கம் கழன்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கொடி, போசி, தலைப்பெட்டி, நான்.

"இவ்வளவு பேரும்... எனக்காகவா வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு நானே சொல்லியிருப்பேன், மூன்று அடைமொழி போட்டு. ஆனால் அவர் கேட்டது அர்த்தநாரி அண்ணனைப் பார்த்து. அந்த மனிதருக்கு வாழ்நாளில் தப்பு சிக்னல் கொடுத்துப் பழக்கமில்லை.

"பாதி உங்களுக்காகங்க, மேடம்" என்றார்.

"மீதிப் பாதி?"

செல்வி பைலை நீட்டினாள். "எனக்காகங்க. ஒரு கையெழுத்துங்க."

மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன். சத்தமாகவே சிரித்தார். சூட்கேஸைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தார். பழனிசாமியின் சம்மதம், சங்கத்தின் சிபாரிசு, எல்லாம். ரயில் கார்டு விசில் ஊதினார். செல்வி மூச்சு விடவில்லை. அவள் விடாததால் எங்களுக்கும் விடத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போட்டார். 'உடனே உத்தரவு வழங்கவும்' என்று மேலே எழுதினார். காகிதத்தை உருவிக் கிளார்க்கிடம் கொடுத்தார்.

"ஆகாதுங்க!" என்றார் அர்த்தநாரி அண்ணன்.

கிளார்க் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"பைலட்மேன் கூட வராம அது அவர்கூட போகக் கூடாதுங்க. இல்லீன்னா பைலட்மேன் எழுத்துல அனுமதி குடுக்கோணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார். கொடியிலிருந்து முகத்துக்கு வந்த பார்வை அங்கேயே நின்றது. "நீங்கதானே அந்த நிலா?" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"சீக்கிரம் எழுதுங்க. வண்டி நகருது."

செல்வியின் முதுகில் ஒரு துண்டுத்தாளை வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அடைமொழி எதுவும் வரவில்லை. 'செல்லலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தொட்ட கை அப்படியே இறங்கிவிட்டது. அடிக்க ஒன்றுமில்லை.

கிளார்க்குக்கு அது என்னவென்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பின் குத்திச் சேர்த்துக்கொண்டார். அது இன்றைக்கும் அரசாங்கப் பைலில் இருக்கிறது. நான் எழுதியதில் அச்சேறாமல் நிலைத்தது அது ஒன்றுதான்.

மேடம் படியில் நின்று கையாட்டினார். கூட்டம் முழுவதும் கையாட்டியது. போர்ட்டரும் ஆட்டினார். தலையிலிருந்த பெட்டி சரிந்தது, சொந்தக்காரர் அலறினார். அவர் போக வேண்டிய வண்டியும் அதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடி ஏறிவிட்டார், நல்லவேளை.

டோக்கன் சாயங்கால வண்டியில் கார்டு மூலமாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு பை மரவள்ளிக் கிழங்கு. ஆத்தூரில் மாணிக்கம் அண்ணன் முறைப்படி ஸ்டேஷன் மாஸ்டரிடம் டோக்கனை ஒப்படைக்கப் போனாராம். அந்த இளைஞர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது ஜிம்முக்கா?" என்று கேட்டாராம்.

கரூர் வண்டி

உத்தரவு வந்தது. செல்வி மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி, வாளிக்குள் ஒரு ஸ்டவ். தலைவாசல் கேட்டை மாற்று ஆளாக வந்த ரிலீவரிடம் ஒப்படைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். இங்கிருந்து கரூர் வண்டியில் ராசிபுரம்.

அர்த்தநாரி அண்ணன் அவளுடைய பைலை எடுத்து, வழியில் எந்தப் பீரோவிலும் நிறுத்தாமல் நேராகச் சின்னசேலத்தில் வைத்தார். பிறகு எதையோ தேடுவதுபோல ரொம்ப நேரம் பீரோவுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

வாளியை நான் தூக்கிக்கொண்டேன். நடைமேடைக்குப் போனோம். வண்டி வந்தது, அவள் ஏறினாள், பெட்டியை ஏற்றினேன், வாளியை ஏற்றினேன். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்தது.

"அண்ணா, ஒரு சங்கதி" என்று செல்வி வாசற்படியில் குனிந்தாள். "பழனிசாமி அண்ணன் நாளைக்குத்தான் அங்க சார்ஜ் எடுக்கறாரு. அவர்கிட்ட ஒண்ணு சொல்லிப்போடுங்க. கேட்டடில ஒரு நாயி இருக்குதுங்க. பாசஞ்சருக்குக் கொரைக்காது, கூட்ஸுக்கு மட்டுந்தான் கொரைக்கும். பாவம், பயத்துலதான். அதட்ட வேண்டாம்னு சொல்லுங்க. மத்தியானம் ஒரு கை சோறு வெச்சாப் போதும்."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வண்டி அசைந்தது. அவரும் கூடவே நாலு எட்டு நடந்தார்.

"நாயிக்குப் பேரு என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுங்க, சாமி?"

"பேரு வெக்கலீங்கண்ணா!" செல்வி சத்தமாகச் சிரித்தாள். முந்தானை கண்ணுக்குப் போனது. "வெச்சிருந்தா மாத்தலே கேட்டிருக்க மாட்டனுங்க... வாரேனுங்க!"